நவம்பர் முதல் நாள்

ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாள் வந்ததும் நம் மைசூரின் வீதிகள் சிவப்பும் மஞ்சளும் பூண்டு பொலிகின்றன. அக்ரஹாரத்து நாற்சந்தியிலும், இராமாநுஜர் சாலையின் கடைவாயில்களிலும் கொடிகள் ஆடுகின்றன. புவனேசுவரி தேவியின் திருவுருவம் தாங்கிய ஊர்திகள் செல்கின்றன. பள்ளியிலே கொடியேற்றம் முடிந்து, கையில் இனிப்புப் பொட்டலத்துடன் வீடு திரும்பும் நம் காலனிக் குழந்தைகளில் ஒன்றேனும் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, "அம்மா, இது நம்முடைய விழாவா, அவர்களுடைய விழாவா?" என்று கேளாமல் இராது.

கேள்வி சிறிது, விடை சிறிதன்று. அவ்விடையைத் தேடிச் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாக அன்பர்களோடு சற்று உரையாட விழைகிறேன்.

ஆங்கில நாட்காட்டியில் நவம்பர் முதல் நாள் ஒரு சிறு கட்டம். நம் கணக்கில் அது ஐப்பசித் திங்களின் நடுப்பகுதி; குடகிலே தலைக்காவிரி தொடங்கி மாயூரம் வரையிலும் துலா நீராடல் நிகழும் காலம். ஒரே தேதியில் நிகழ்ந்தன என்னும் காரணத்தாலேயே இரு நிகழ்ச்சிகளுக்கு உறவு உண்டாகிவிடாது. சோதிடர் வேண்டுமானால் அங்ஙனம் கூறலாம். வரலாற்று மாணவன் கூறலாகாது. ஆயினும் ஒரு தேதியைக் கையிற் பற்றிக்கொண்டு ஆண்டுகளினூடே நடந்து பார்த்தால், தனித்தனியே படிக்கும்போது கண்ணிற் படாத சில தொடர்புகள் புலனாகின்றன. மேலும், அரசுகள் சில தேதிகளைத் தற்செயலாக அன்றி, எண்ணித் துணிந்தே தேர்ந்தெடுக்கின்றன என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஒரு பிரகடனமும் அதன் விளைவும்

1858ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். அலகாபாத் நகரில் கானிங் பிரபு விக்டோரியா மகாராணியாரின் பிரகடனத்தைப் படித்தார். நாட்டின் பிற நகரங்களிலும் அது முழங்கப்பட்டது; நாட்டு மொழிகளிலும் பெயர்த்து வழங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி அன்றோடு ஒழிந்தது. பிரிட்டிஷ் முடியின் நேர் ஆட்சி தொடங்கிற்று. அதனால் இந்தியர் உரிமை பெற்றனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஓர் எசமானர் சென்று மற்றோர் எசமானர் வந்தார், அவ்வளவே. ஆயினும் அப்பிரகடனத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. சுதேச மன்னர்களோடு கம்பெனி செய்துகொண்ட உடன்படிக்கைகள் பிறழாது காக்கப்படும் என்பதே அது.

அந்த வாசகம் மைசூருக்கு மிகவும் வேண்டியதாயிருந்தது. ஏனெனில் 1831ஆம் ஆண்டிலேயே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியார் பறித்துக் கமிஷனர்களிடம் ஒப்புவித்திருந்தனர். இழந்த நாட்டை மீட்க அம்மன்னர் நெடுங்காலம் முறையிட்டு வந்தார். 1858ஆம் ஆண்டின் உறுதிமொழி அவர் வழக்குக்கு வலுவூட்டியது. 1865இல் அவர் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தார், 1868இல் மறைந்தார். அந்தக் குழந்தையே வளர்ந்து, 1881ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் பத்தாம் சாமராஜேந்திர உடையாராக நாட்டைத் திரும்பப் பெற்றது.

இனி நம் கதைக்கு வருவோம். நாடு மீண்ட மைசூருக்கு முதல் திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து வந்த சி. ரங்காசார்லு. 1881 அக்டோபரில், தசராவை ஒட்டி, மக்கட் பிரதிநிதி சபையைக் கூட்டியவர் அவரே. நம் நகர மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சர் கே. சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுப் பக்கத்தவர். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் உருவாயிற்று. 1902இல் அம்மின்சாரம் கோலார் தங்க வயலைச் சென்றடைந்தது. தங்க வயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களோ, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைத் தமிழ் மக்கள். திவானின் மேசைக்கும் தொழிலாளியின் மண்வெட்டிக்கும் தமிழரை இந்நாடு அழைத்துக்கொண்டது.

அழைத்துக்கொண்டது என்று எழுதும்போதே ஓர் உண்மையையும் மறைக்காது கூறவேண்டும். சென்னை மாகாணத்தார் உயர் பதவிகளை நிரப்பியது கண்டு இந்நாட்டு மக்கள் மனம் புழுங்கினர். மைசூர் மைசூரியருக்கே என்னும் குரல் எழுந்தது. அக்குரலில் நியாயம் இல்லை என்று சொல்லுதல் பொருந்தாது. தன் வீட்டில் தானே விருந்தாளியாக நிற்க எவர்தாம் உடன்படுவர்?

ஒரே நாள், இரு வழிகள்

அடுத்து 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு வருவோம். அன்று இரு கண்டங்களில் பிரெஞ்சுக் கொடிக்கு இரு வேறு நிகழ்ச்சிகள் நேர்ந்தன.

புதுச்சேரியில் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறிற்று. அதற்குப் பதினான்கு நாள் முன்பு, அக்டோபர் 18ஆம் நாள், கீழூர் என்னும் சிற்றூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்திருந்தனர். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170 வாக்குகள். எதிராக 8 வாக்குகள். புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கும் நவம்பர் முதல் நாள் கை மாறின. புதுவையிலும் அதற்குமுன் குருதி சிந்தாமல் இல்லை. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு மாண்டனர். ஆயினும் இறுதிக் கட்டம் வாக்குச் சீட்டினாலும் கையெழுத்தினாலும் முடிந்தது. இன்று புதுவையில் நவம்பர் முதல் நாள் விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே நாளில், வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டு விடுதலை முன்னணியார் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து ஆயுதப் போரைத் தொடங்கினர். அப்போர் ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. 1962ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அல்ஜீரியா விடுதலை பெற்றது. புதுவையைச் சட்டப்படி இந்தியாவுக்கு முற்றிலும் உரியதாக்கிய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அதே 1962ஆம் ஆண்டில்தான். ஆகஸ்டு 16ஆம் நாள். ஒரே அரசு, ஒரே நாளில் தொடங்கிய இரு வழக்குகளை, ஒரே ஆண்டில் முடித்தது. ஒன்றுக்கு மை போதுமானதாயிற்று. மற்றொன்றுக்குக் குருதி வேண்டியிருந்தது. எல்லைகளையும் கொடிகளையும் மாற்றும்போது மக்கள் எவ்வழியை விரும்புவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

எல்லைகள் பிறந்த நாள்

இவ்விரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்ததே நம் குழந்தை கேட்ட விழாவுக்கு மூலமான நாள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலச் சீரமைப்புச் சட்டம் செயலுக்கு வந்தது. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் என்னும் மூவர் அமர்ந்த ஆணைக்குழு 1955ஆம் ஆண்டு தந்த அறிக்கையின் பயன் அது. கேரளம் பிறந்தது, ஆந்திரப் பிரதேசம் பிறந்தது, மத்தியப் பிரதேசம் புதுவடிவு பெற்றது, மைசூர் விரிந்தது, சென்னை இராஜ்யம் சுருங்கிற்று.

தமிழர்க்கு அன்று பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாகத் திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தாயகத்தோடு இணைந்தன. செங்கோட்டையும் வந்து சேர்ந்தது. அந்தப் போராட்டத்தில் 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர்களை நாம் மறக்கலாகாது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், நவம்பர் முதல் நாளுக்கு மூன்று வாரத்திற்கும் குறைவாக இருக்கையில், அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார். எல்லை வந்தது, பெயர் வரவில்லை. அப்பெயர் வருவதற்கு 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதுகாறும் கூறியவை நம் வீடுகளில் பலரும் அறிந்தவை. ஆனால் மறுபக்கத்தை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே என் கவலை.

கன்னட மக்கள் அதுவரை ஐந்து ஆட்சிகளின் கீழ்ச் சிதறிக் கிடந்தனர். தார்வாடு, பிஜாப்பூர், பெல்காம், வட கன்னடம் ஆகியவை பம்பாயில் இருந்தன. குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் ஆகியவை ஐதராபாத்தில் இருந்தன. தென் கன்னடமும் கொள்ளேகாலமும் சென்னையில் இருந்தன. குடகு தனி; மைசூர் தனி. தார்வாட்டுக் கன்னடியன் பம்பாயிலும், மங்களூர்க் கன்னடியன் சென்னையிலும் தன் வழக்கைத் தன் மொழியில் சொல்ல வகையின்றி நின்றான். 1924ஆம் ஆண்டு காந்தியடிகள் தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரசின்போதே கன்னட நாட்டு ஒருங்கிணைப்பு மாநாடும் கூடிற்று. ஆலூரு வெங்கடராவ் போன்றோர் வாழ்நாள் முழுவதும் அதற்கே உழைத்தனர். 1953இல் அதரகுஞ்சி சங்கரகௌடர் உண்ணாநோன்பு ஏற்றார். அங்கே ஒரு சங்கரலிங்கனார், இங்கே ஒரு சங்கரகௌடர்! குமரிக்காக நாம் அடைந்த மகிழ்ச்சி யாதோ, தார்வாடுக்காக அவர்கள் அடைந்த மகிழ்ச்சியும் அதுவே. இதனை உணர்ந்த தமிழனுக்குச் சிவப்பு மஞ்சள் கொடி அயலாகத் தோன்றாது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பத்தொன்பது மாவட்டங்களுடன் புதிய மைசூர் எழுந்தது. நிஜலிங்கப்பா முதலமைச்சரானார். ஜெயசாமராஜேந்திர உடையார் ஆளுநரானார். முடியாட்சியின் கடைசி மன்னர் குடியாட்சியின் முதல் ஆளுநராக அமர்ந்த காட்சியை அன்று நாடு கண்டது. பழைய மைசூரிலேயே இந்த இணைப்பை விரும்பாதவரும் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். செழித்த வயல்களையும் அணைகளையும் உடைய தங்கள் நாட்டின்மேல் வறண்ட வடபகுதிகளின் சுமை ஏறுமே என்று அவர்கள் அஞ்சினர். கூட்டுக் குடும்பத்தில் இத்தகைய அச்சம் புதிதன்று.

கொள்ளேகாலம் கூறும் பாடம்

எல்லை என்பது எத்துணை நிலையற்றது என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள கொள்ளேகாலமே சான்று. மைசூர் மன்னர்களிடம் இருந்த அவ்வட்டம் 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கம்பெனியிடம் சென்று, கோயமுத்தூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது சென்னையோடு இருந்தது. மாதேசுவரன் மலையும் அவ்வட்டத்திலேயே இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அது மைசூருக்கே மீண்டது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிறது. கொள்ளேகாலத்தில் தமிழ் பேசுவோர் இந்தப் பக்கம் நின்றனர். தாளவாடியில் கன்னடம் பேசுவோர் அந்தப் பக்கம் நின்றனர். கோடு கிழித்த எவராலும் நாக்குகளைப் பிரிக்க இயலவில்லை.

முன்னும் இவ்வாறே. சோழர் தலைக்காட்டை வென்று இராசராசபுரம் என்று பெயரிட்டனர். அப்பகுதியின் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போசள மன்னர் விஷ்ணுவர்த்தனர் அதனை மீட்டார். அடுத்த நூற்றாண்டிலோ போசளர் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் அரண்மனை அமைத்துத் தமிழகத்தில் வாழ்ந்தனர். இராமாநுஜர் மேலக்கோட்டைக்கு வந்தார். அங்கே திருக்கோயிலில் திவ்வியப் பிரபந்தம் இன்றும் ஓதப்படுகிறது. அரசர் கிழித்த கோடுகள் அழிந்தன. அடியார் நடந்த வழி அழியவில்லை.

பெயர் சூட்டிய நாள்

இதுவரை சொன்ன மூன்று நவம்பர் முதல் நாட்களுக்கும் ஒன்றோடொன்று நேர்த் தொடர்பு இல்லை. இனி வருபவை அவ்வாறல்ல; 1956ஐ நினைந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

1973ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலம் கர்நாடகம் என்னும் பெயரைச் சூடியது. அப்போது முதலமைச்சராயிருந்தவர் நம் மைசூர் மாவட்டத்துத் தேவராஜ் அர்சு. பம்பாய், ஐதராபாத் பகுதிகளிலிருந்து வந்து இணைந்த மக்களுக்கு மைசூர் என்னும் பெயர் தங்களையும் உட்கொண்டதாகத் தோன்றவில்லை. பதினேழு ஆண்டுகள் பொறுத்தனர், பெற்றனர். நாமும் சென்னை இராஜ்யம் என்னும் பெயர் போதாதென்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களல்லவா?

2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பெங்களூரு முதலிய பன்னிரண்டு நகரங்களின் பெயர்கள் ஆங்கிலத்திலும் கன்னட ஒலிப்பின்படியே எழுதப்படும் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் மைசூரு ஆனதும் அன்றுதான். வடக்கே அரியானா 1966இலும் சத்தீசுகர் 2000இலும் இதே தேதியில் தோன்றின. நவம்பர் முதல் நாள் இந்தியாவின் பெயர் சூட்டும் நாளாகவே ஆகிவிட்டது எனின் மிகையாகாது.

பிறந்தோரும் மறைந்தோரும்

கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின் விலகி நகர்ந்தன என்னும் கருத்தை நிறுவ முயன்ற அறிஞர் ஆல்பிரட் வெகனர், 1880ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பெர்லினில் பிறந்தார். நிலமே நகர்கிறது என்று சொன்னவர் எல்லைகள் நகர்ந்த தேதியில் பிறந்தது தற்செயலே. ஆயினும் நினைக்க இனியது.

1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எம். கே. தியாகராஜ பாகவதர் சென்னையில் மறைந்தார். 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த முதியோர் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்கு இந்நாள் ஓர் இசைக்குரல் ஓய்ந்த நாளுமாகும்.

கர்நாடகம் பெயர் பெற்ற அதே 1973ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மங்களூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1994இல் உலக அழகியாகப் புகழ்பெற்ற ஐசுவரியா ராய் அக்குழந்தையே. துளு நாட்டில் பிறந்த அவர் திரையில் முதன்முதல் தோன்றியது 1997இல் வந்த 'இருவர்' என்னும் தமிழ்ப் படத்தில். மறு ஆண்டு 1974இல் இதே நாளில், ஆந்திரத்தின் தலைநகராயிருந்த ஐதராபாத்தில் கிரிக்கெட் வீரர் வி. வி. எஸ். லட்சுமணன் பிறந்தார். 2001ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவர் 281 ஓட்டங்கள் குவித்தபோது மறுமுனையில் உடன் நின்றவர் நம் பெங்களூரின் இராகுல் திராவிட் என்பது நம் சிறுவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

குழந்தைக்கு விடை

இனி அக்குழந்தையின் கேள்விக்கு விடை கூறுவோம்.

இனிப்பானவற்றை மட்டும் சொல்லி அதனை ஏய்த்தல் தகாது. 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் வீடும் வயலும் இழந்தனர். அந்நாட்களில் கதவடைத்திருந்தோர்க்கு அது கதையன்று, நினைவு. அதே 1991இல் பெங்களூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. ஆயினும் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கே நாட்களில், 13ஆம் நாள், கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. மூடிய துணியை விலக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. விலக்கியபின் இரு நகரங்களும் சிறுமையுறவில்லை.

தமிழகத்திலும் 2019இல் நவம்பர் முதல் நாளே தமிழ்நாடு நாள் என அரசு அறிவித்தது. பின்னர் 2021இல், ஜூலை 18ஆம் நாளே தமிழ்நாடு நாள் என மாற்றி அறிவிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டு அந்நாளில் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் தமிழ்நாடு என்னும் பெயருக்குத் தீர்மானம் நிறைவேற்றியமையே காரணம். அங்ஙனமாயின் இனி நவம்பர் முதல் நாளால் நமக்கும் அவர்களுக்கும் பங்கில்லையோ என்று எண்ணினேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. மைசூரின் கடைசி மன்னரும், நவம்பர் முதல் நாள் அதன் ஆளுநராய் அமர்ந்தவரும், 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்திற்கே ஆளுநராக இருந்தவரும், தொண்ணூற்று நான்கு கீர்த்தனைகள் இயற்றியவருமான ஜெயசாமராஜேந்திர உடையார் பிறந்த நாள் யாது? 1919ஆம் ஆண்டு ஜூலை 18!

தேதிகள் இவ்வாறு நம்மை விடாமல் கட்டிவைக்கின்றன. தற்செயலே எனினும், தற்செயலில் வந்த உறவைப் பேணுதல் நம் கையில் உள்ளது.

ஆகவே குழந்தைக்குச் சொல்லுவோம்: "கண்ணே, இது அவர்களுடைய விழா. பிரிந்திருந்தவர்கள் ஒன்றாய்ச் சேர்ந்த நாள். அதே நாளில்தான் நம் குமரியும் நம்மிடம் வந்தது. சேர்ந்தவர் மகிழ்ச்சியைச் சேர்ந்தவரே அறிவர். ஆதலால் இது நம்முடைய விழாவும்தான். நீ கன்னடத்தை நன்றாகப் படி. வீட்டில் தமிழை மறவாதே."

அடுத்த நவம்பர் முதல் நாள் நம் காலனி வாயிலிலும் ஒரு தோரணம் கட்டுவோம். அண்டை வீட்டாரை அழைத்து, ஐப்பசி மாதத்து இனிப்பை அவர்களுடன் பகிர்வோம்.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்!